குடோனை ஒரு சுற்று

வண்டி நிற்பதற்குள்ளேயே நாற்பது ஐம்பது கைகள் ஷட்டரைக் காட்டின. அங்கதான், அங்கதான், அதுக்குள்ளதான். ஊரே ஒரு பக்கம் கை நீட்டினால் கண்ணும் அந்தப் பக்கம்தான் போகும். தீயணைப்பு நிலைய அலுவலர் சென்னியப்பனின் கண்ணும் போனது. போன கண்ணை இழுத்துப் பிடிக்க அவருக்கு இரண்டு மூச்சு ஆனது. பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு ஷட்டர், அடியில் ஒரு விரல்கடை இடைவெளி, அதிலிருந்து அவசரமே இல்லாமல் தரையோடு தரையாக வழிகிற புகை. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துணியை வாங்கி மூட்டை கட்டி அடுக்குகிற வேஸ்ட் குடோன். திருப்பூரில் இப்படி எத்தனை இருக்கிறது என்று மாநகராட்சிக்கே தெரியாது. மத்தியானம் மூன்று மணி வெயிலில் அந்தப் புகை மஞ்சளும் கறுப்புமாக இருந்தது, மஞ்சள் அவருக்குப் பிடிக்கவில்லை, அதன் சோம்பல் அதைவிடப் பிடிக்கவில்லை. மின்வாரியத்துக்காரன் கம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டே "லைன் கட் பண்ணியாச்சுங்க" என்றான். நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்த ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் சட்டையைப் பிடித்தாள், செல்வராணி என்று பக்கத்தில் யாரோ பெயர் சொல்லி அவளை இழுத்தார்கள், அவள் விடவில்லை. "எங்கூட்டுக்காரரு உள்ள இருக்கறாருங்க சார், போன் அடிச்சா ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறாரு, கேளுங்க, நீங்களே கேளுங்க" என்று போனை அவர் காதில் வைத்து அழுத்தினாள். ரிங் போனது. குடோன் முதலாளி ஈரத்துண்டால் வாயைப் பொத்தியபடி, "மாதேசுங்க சார், மூட்டை கட்டற பையன். உள்ள அவன் ஒருத்தன்தானுங்க" என்றார். ஒருத்தன். சரி. சென்னியப்பன் திரும்பி, இருபது வருடமாகக் கூட இருக்கிற ரஹமத்துல்லாவிடம், "ரெண்டு பேரைக் காத்து சிலிண்டர் மாட்டச் சொல்லு, ஹோஸை விரி, நான் வர்ற வரைக்கும் ஷட்டர்ல யாரும் கை வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, ஷட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

நிலையத்தில் இதற்குப் பெயர் பிரதட்சணம். எந்தத் தீயாக இருந்தாலும், தென்னந்தோப்பு ஓலைக் குவியலாக இருந்தாலும், தொடுவதற்கு முன் அவர் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். "அய்யா பிரதட்சணம் முடிச்சுட்டு வரட்டும், அப்புறம் தீபாராதனை" என்று ரஹமத்துல்லாதான் முதலில் சொன்னது, ஐந்து வேளை தொழுகிறவன் வாயில் அது வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், சென்னியப்பனும் சிரித்தார். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. இடதுபக்கச் சந்தில் பக்கத்து சாயப்பட்டறையின் குழாய்களும் வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள்ளும் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன, பூனைகூட நுழையாது. அதனால் வலதுபக்கமாகப் போக வேண்டியதாயிற்று. அதாவது தலைகீழ்ச் சுற்று, சுவர் இடதுகைப் பக்கம். கொள்ளிக்குடம் தூக்குகிறவன்தான் இப்படி இடமாகச் சுற்றுவான் என்று ஒரு நினைப்பு வந்தது, சீ போ என்று தள்ளினார், அது ஒதுங்கி நின்று கூடவே நடந்தது. பின்னால் கூட்டம் பேசிக்கொண்டது. "ஏனுங்க, உள்ள ஆளு சாகறான், இந்தாளு வாக்கிங் போறானுங்க." "வீடியோ எடுடா, மூஞ்சி தெரியற மாதிரி எடு." வாக்கிங். சர்க்கரை இருநூற்று முப்பது, தினம் நாற்பது நிமிடம் நடங்க சார் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது, ஒரு நாள் நடந்ததில்லை, இன்றைக்கு நடக்கிறார், அதையும் வீடியோ எடுக்கிறார்கள். ஓடலாமே? ஓடினால் என்ன? ஓடினால் பார்வை முன்னால் மட்டும்தான் போகும், பக்கத்தில் இருப்பது மங்கிவிடும், அதை எத்தனை தரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், நடங்கடா, ஓடறவன் குருடன்டா என்று. சொல்வது சுலபம். கால் ஓடத்தான் துடித்தது, நெஞ்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. காலையில் தின்ற ராகிக் களி இன்னும் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. ரிங் போகிறது, எடுக்க மாட்டேன் என்கிறான். மயங்கியிருப்பான். மயங்கியிருந்தால் எவ்வளவு நேரம் தாங்குவான்? நாலு நிமிடம், ஐந்து. தீ பிடித்து எத்தனை நேரம் ஆனது என்று கேட்டோமா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் போய்க் கேட்கலாமா? வேண்டாம், நட.

வலதுபக்கம் காலி மனை. ஹாலோ பிளாக் சுவர், பூசாத சுவர், நூற்றிருபது அடி நீளம் இருக்கும், மேலே தகர ஷீட். ஷீட்டின் ஓரத்தில் புகை வருகிறதா? வருகிறது, மெல்லிசாக, நாலு இடத்தில். முன்பக்கம் அதிகம், பின்பக்கம் குறைவு. சரி. சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார், முன்பக்கம் சுட்டது, பத்தடி தள்ளி அவ்வளவு சூடில்லை. சரி, தீ முன்பக்கம், அதை மனசில் எழுதிக்கொள், முன்பக்கம். முன்பக்கம் தீ இருக்கிறது என்றால் ஷட்டரைத் தூக்கியதும் அது நம் பிள்ளைகள் முகத்தில்தான். கரூரிலும் முன்பக்கம்தான். கரூரை இப்போது நினைக்கக் கூடாது. கரூரில் கொசுவலை குடோன், எட்டு வருடத்துக்கு முன்னால், அங்கேயும் இப்படித்தான் எல்லாக் கையும் வாசலைக் காட்டியது, அங்கேயும் உள்ளே ஆள் இருக்கு என்று கத்தினார்கள், அன்றைக்கு அவர் சுற்றவில்லை. வாசலைப் பார்த்தார், ஜுவாலையைப் பார்த்தார், ஜுவாலையை மட்டும் பார்த்தார், அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, "இன்னாசி, உள்ள போ" என்றார். இன்னாசிமுத்து, திண்டுக்கல்காரன், ஒரே பேட்ச், அதிகாரி ஆன பிறகும் மாப்ளே என்று கூப்பிட்ட ஒரே ஆள், "வர்றேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் போனான். பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. திறந்தே இருந்தது. உள்ளே இருப்பதாகச் சொன்ன இரண்டு பேரும் அந்தக் கதவு வழியாக எப்போதோ வெளியே வந்து, பின்தெருவில் நின்று, கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இன்னாசிமுத்துவை அந்தக் கதவிலிருந்து பன்னிரண்டு அடியில் எடுத்தார்கள். பன்னிரண்டு அடி, ஆறு எட்டு வைத்திருந்தால் வெளியே. விசாரணை அறிக்கையில் மேற்கூரை சரிந்ததால் என்று எழுதினார்கள், அவர்மேல் ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் தேவலை. இரண்டு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் அதைப் படித்துக்கொண்டாவது கிடந்திருக்கலாம். அன்றிலிருந்து பிரதட்சணம். அன்றிலிருந்து பின்கதவு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தால்கூட, பின்கதவு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் இலையில் கை வைக்கிறார். இங்கேயும் இருக்கும், பின்பக்கம் இருக்கும், மூட்டை ஏற்ற ஒரு கதவு இல்லாமலா கட்டியிருப்பான், மூலை வந்துவிட்டது, இதோ.

கதவு இல்லை. பின்பக்கம் சாக்கடை, அதன் மேல் இரண்டு கல் போட்டு ஒரு கக்கூஸ், அதற்கப்பால் முழுச்சுவர், ஒரு இடத்தில் கதவு இருந்து பிறகு கல் வைத்து அடைத்த தடம். அடைத்துவிட்டான் படுபாவி. சென்னியப்பன் அந்தத் தடத்தின் முன் நின்றார். நின்ற பிறகுதான், தான் நிற்கிறோம் என்பது உறைத்தது. எவ்வளவு நேரம்? ஐந்து விநாடியா, இருபதா? கதவு இல்லை என்றதும் மூளை கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. இதுதான், இதைத்தான் சென்னையில் பயிற்சியில் சொன்னார்கள், பயம் வந்தால் ஒன்றைத்தான் பார்ப்பீர்கள், அந்த ஒன்று இல்லாவிட்டால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள் என்று. அப்போது கடைசி பெஞ்சில் இன்னாசிமுத்து கொட்டாவி விட்டான். சரி, யோசி. பின்கதவு இல்லை. அப்படியானால் ஷட்டர் ஒன்றுதான் வழி. அப்படியானால் திறக்க வேண்டியதுதான். இரண்டு பேரை அனுப்ப வேண்டியதுதான். யாரை? சிலிண்டர் மாட்டி நிற்கிற இரண்டு பேர் யார் என்று ரஹமத்துல்லாவைக் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது, பெயர் தெரிந்தால் அவர்களுடைய வீடும் தெரிந்துவிடும், வீட்டு வாசலில் நிற்கிற பிள்ளைகள் தெரிந்துவிடும். இன்னாசிமுத்துவின் மகள் இப்போது பிளஸ் டூ. நிறுத்து. இப்போது பார்த்தது என்ன, ஒவ்வொன்றாகச் சொல், முன்பக்கம் புகை, சுவர் சூடு, ஷீட் ஓரம் நாலு இடம், அப்புறம்? அப்புறம் மூலை. நடுவில்? நடுவில் கரூர். சுவரின் கடைசி இருபதடியில் அவர் திருப்பூரிலேயே இல்லை. கால் நடந்திருக்கிறது, கண் திறந்திருக்கிறது, பார்த்தது ஒன்றும் இல்லை. எட்டு வருடமாகச் சுற்றிய சுற்றெல்லாம் இப்படித்தானா? கட்டடத்தைச் சுற்றினாரா, இன்னாசிமுத்துவைச் சுற்றினாரா? அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது, அழுகைக்குப் பதில் கோபம் வந்தது, கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொன்னார்.

அப்போதுதான் முன்பக்கம் டங்கென்று ஒரு சத்தம். இரும்பில் இரும்பு. மறுபடி டங். இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் ரஹமத்துல்லாவின் குரல் கரகரத்தது. "அய்யா, சனம் கேக்க மாட்டேங்குதுங்க, கடப்பாரை எடுத்துட்டு வந்துட்டாங்க, அந்தப் பொண்ணு ஷட்டர்ல தலைய முட்டுதுங்க, சீக்கிரம் வாங்க." "தடுத்து நிறுத்து ரஹமத்து, குறுக்க படுத்தாவது நிறுத்து." "பாக்கறனுங்க." முன்னால் ஓட வேண்டும். ஓடத்தான் வேண்டும், அவர்தான் அதிகாரி, அவர் முகத்தைக் காட்டினால் கூட்டம் ஒரு நிமிடமாவது தயங்கும். சாக்கடையைத் தாண்டி, வந்த வழியே திரும்பினார். ஓட ஆரம்பித்தார். ஓடறவன் குருடன். ஆறேழு எட்டு வைத்ததும் கால் தானாக நின்றது. எதற்கு நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. ஏதோ ஒன்று முதல் தடவை கண்ணில் பட்டு, மூளைக்குப் போகாமல் பாதி வழியில் சிக்கிக் கிடந்து, இப்போது மறுபடி பட்டிருக்கிறது. என்ன? சுவர். ஓட்டை. டங். ஓட்டையில் விசிறி, பஞ்சுத் தூசியை வெளியே தள்ள வைக்கிற விசிறி, தோள் உயரத்தில், சதுரமாக. விசிறிதானே, எல்லா குடோனிலும் இருக்கிறது. விசிறி சுற்றுகிறது, சுற்றத்தானே விசிறி. டங். போ, முன்னால் போ, அவர்கள் உடைத்துவிடுவார்கள். விசிறி சுற்றுகிறது. லைன் கட் பண்ணியாச்சுங்க என்றானே.

கரண்ட் இல்லை, விசிறி சுற்றுகிறது. சென்னியப்பன் அருகே போனார். மூன்று தகடும் மெதுவாக, தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தன, ஓட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு நூல் உள்ளே பார்த்து நீண்டிருந்தது. கையை நீட்டினார், வெளிக்காற்று விரல்களைத் தாண்டி உள்ளே போனது. புகை இங்கே வெளியே வரவில்லை, குடோன் இந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு இழுக்கிறது. உள்ளே தீக்குக் காற்றுப் போதவில்லை, பசியோடு உட்கார்ந்திருக்கிறது, பன்னிரண்டு அடி அகல ஷட்டரைத் தூக்கிக் காற்றைக் கொடுத்தால் ஒரே வாய்தான், முன்னால் நிற்கிற ரஹமத்துல்லா, தலையை முட்டுகிற அந்தப் பெண், வீடியோ எடுக்கிறவன், எல்லாரும். "ரஹமத்து, கேளு. ஷட்டரைத் தொறந்தா மொத்தமும் வெடிக்கும். தண்ணிய ஷட்டர் முன்னால நிக்கற சனத்து மேலயே அடி, கலைஞ்சு ஓடட்டும், கேஸ் வந்தா நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரு கடப்பாரையும் இன்னொரு ஹோஸும் எடுத்துட்டு வலது சுவருக்கு வரணும், விசிறி ஓட்டைக்கு." சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. உள்ளே உயிரோடு ஒருத்தன் இருந்தால் எங்கே இருப்பான்? காற்று வருகிற இடத்தில், இங்கே, இந்த ஓட்டைக்குக் கீழே. முகத்தை ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "மாதேசு" என்று கத்தினார். "மாதேசு, டேய், இங்க வா, சத்தம் வர்ற பக்கம் வா." உள்ளே கறுப்பு. மூட்டைகள் விழுகிற சத்தம். அப்புறம் ஒரு இருமல்.

இருமலா? சென்னியப்பனுக்கு உடம்பு சில்லிட்டது, சந்தோஷத்தில் இல்லை. இருமல் அவருக்குப் புதிதில்லை. இன்னாசிமுத்து பீடி குடிப்பவன், இரண்டு சின்ன இருமல் ஒரு நீள இருமல் என்று ஒரு கணக்கில் இருமுவான், கரூருக்குப் பிறகு அந்த இருமலை அவர் குளியலறையில் கேட்டிருக்கிறார், ஈரோடு பஸ்ஸில் கேட்டிருக்கிறார், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். "டிவில யாரோ இருமறாங்க, உக்காருங்க" என்று மனைவி சொன்னாள். டிவி ஓடவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். இப்போது கேட்டது எது? மறுபடி கேட்கட்டும், கேட்டால் தெரியும். கேட்கவில்லை. முன்பக்கம் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தமும் அலறலும் கேட்டன, டங் நின்றது, பிறகு என்னவோ ஒரு கூச்சல், அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று, அப்புறம் வாக்கி. ரஹமத்துல்லா மூச்சு வாங்கச் சிரித்தான். "அய்யா, ஆளு வந்துட்டானுங்க! மாதேசு! போனைச் சார்ஜில போட்டுட்டு டீ வாங்கப் போயிருக்கானுங்க, அந்தப் பொண்ணு அவனை அடிச்சுக்கிட்டே அழுவுதுங்க. உள்ள யாருமில்லீங்க அய்யா. இனி சரக்கையாவது காப்பாத்துங்கன்னு ஓனர் கெஞ்சறாரு, ஷட்டரைப் பாதி தூக்கித் தண்ணியடிக்கலாம்ங்கறாரு. நம்ம ஆளுங்க எல்லாம் தள்ளித்தான் நிக்கறாங்க. தூக்கட்டுங்களா?"

தூக்கலாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து கயிறு கட்டி இழுத்துத் தூக்கினால் வெடிக்கிறது வெடித்துவிட்டுப் போகட்டும், உள்ளேதான் யாருமில்லையே, முதலாளி சொல்கிறார், ஊர் சொல்கிறது, செத்ததாக நினைத்தவன் கையில் டீயோடு நிற்கிறான். நாளைக்கு யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கரூரிலும் யாரும் கேட்கவில்லை. உள்ளே ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்வதற்கு அவரிடம் என்ன இருக்கிறது, ஒரே ஒரு இருமல், அதுவும் எட்டு வருடமாக அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிற இருமல். முதலாளி பொய் சொல்வானா? எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லாமல் விட்டிருப்பானோ? ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு மூட்டைக்குப் பின்னால் தூங்குகிறவனை எந்த முதலாளி கணக்கில் வைத்திருக்கிறான்? "அய்யா? கேக்குதுங்களா? தூக்கட்டுங்களா?" இரு, என்று வாக்கியில் சொன்னாரா மனசுக்குள் சொன்னாரா என்று தெரியவில்லை. டார்ச்சை விசிறித் தகடுகளுக்கு நடுவே செருகி நிறுத்தினார். ஒரு தகட்டை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினார், உள்ளங்கை கிழிந்தது, மடங்கியது. சட்டைக் கையோடு வலதுகையைத் தோள்வரை உள்ளே விட்டார். சூடு, முழங்கைக்கு மேலே அதிகச் சூடு, கீழே கொஞ்சம் தேவலை. கையைக் கீழே இறக்கித் துழாவினார். துணி, துணி மூட்டை, கட்டின கயிறு, மறுபடி துணி. ஒன்றுமில்லை. பைத்தியக்காரா, ஒன்றுமில்லை, கையை எடு, தூக்கச் சொல். இன்னும் ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் கீழே, கன்னம் சுவரில் தேய, கால் நுனியில் நின்று.

விரல்கள். முதலில் ஒன்று, தொட்டு நழுவியது, பிறகு ஐந்தும் அவர் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. ஈரமான, சூடான கை. உள்ளேயிருந்து ஒரு குரல் ஏதோ சொன்னது, தமிழ் இல்லை, இந்தியும் இல்லை, ஒடிசாப் பக்கம் பேசுகிறதாக இருக்கலாம், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஷட்டருக்கு முன்னால் இவனுக்காகத் தலையை முட்டிக்கொள்ள ஒருத்தருமில்லை, இவன் போனுக்கு யாரும் ரிங் அடிக்கவில்லை, ஐம்பது கையில் ஒரு கைகூட இவனைக் காட்டவில்லை. சுவரோரமாகக் கடப்பாரையோடு ஓடி வருகிற பூட்ஸ் சத்தம் கேட்டது. சென்னியப்பன் இடதுகையால் வாக்கியை வாய்க்குக் கொண்டுவந்தார்.

"தூக்காத. உள்ள ஆள் இருக்கு."

"மாதேசு இங்க என் முன்னாலதான் நிக்கறானுங்க அய்யா. அது யாருங்க?"

"தெரியலை ரஹமத்து. யாருன்னு தெரியலை. என் கையப் புடிச்சிருக்கான்."